திருகோணமலையைச் சுற்றிக் குறைந்த செலவில் குடியேற: எந்தப் பக்கம், எதைப் பார்த்து?

திருகோணமலைக்கு இடமாற்றம் கிடைத்ததும் எல்லோரும் முதலில் கேட்பது உவர்மலையில் வீடு இருக்கிறதா, ரவுனுக்குள் இருக்கிறதா என்றுதான். கச்சேரி, ஆஸ்பத்திரி, வங்கிகள், பெயர்போன பாடசாலைகள் எல்லாம் பக்கத்தில். வாடகையும் அதற்குத் தக்கபடி. அந்தத் தொகையைக் கேட்டுத் திகைத்துப்போய், தரகர் காட்டும் முதல் மலிவான வீட்டுக்கு நிலாவெளியிலோ கிண்ணியாவிலோ முற்பணம் கொடுத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். பெற்றோலும் குடிநீர்க் கானும் சேர்ந்து மிச்சம் பிடித்த காசை விழுங்குவது பிறகுதான் தெரியவரும்.

இந்தப் பகுதியில் ஓர் ஊர் உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பதை அதன் மோசமான மாதத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆவணி, புரட்டாதியில் கிணற்றுத் தண்ணீர் எப்படி, கார்த்திகை, மார்கழியில் ஒழுங்கையில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் வாடகை பேசாதீர்கள். மாசி, பங்குனியில் போய்ப் பார்த்தால் எல்லா ஊரும் அழகாகத்தான் இருக்கும்.

தூரத்தை ரூபாவாக மாற்றுங்கள்

மோட்டார் சைக்கிளில் போய் வருகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். வேலைநாள் மாதத்துக்கு 22. உப்புவெளிப் பக்கம் 4 கிலோமீற்றரில் வீடு என்றால் மாதம் 176 கிலோமீற்றர். நிலாவெளிப் பக்கம் 16 கிலோமீற்றரில் என்றால் 704. லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு முதலாவதற்கு 4 லீற்றர், இரண்டாவதற்கு ஏறக்குறைய 16 லீற்றர். வித்தியாசம் 12 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தாலே 3,600 ரூபா. ஒயில், டயர், பிரேக் தேய்மானம் இதில் இல்லை. வாடகை வித்தியாசம் இந்தத் தொகையைவிடக் குறைவென்றால் தூரத்து வீடுதான் விலை கூடியது.

வீட்டில் இருவர் வேலைக்குப் போகிறார்கள், ஒரு பிள்ளை ரவுனுக்குள் படிக்கிறது, மாலையில் ரியூசன் வேறு என்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இந்தக் கணக்கைப் போடுங்கள். பாடசாலை வானுக்கு மாதக் கட்டணம் எவ்வளவென்று வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டாம். அந்த ஒழுங்கையில் ஏற்கெனவே வானில் பிள்ளையை அனுப்புகிற ஒரு தாயிடம் கேளுங்கள். ரியூசன் ஆறரைக்கு முடிகிறது, கடைசி பஸ் அதற்கு முன்பே போய்விடுகிறது என்றால் ஒவ்வொரு நாளும் ஓட்டோதான். ஆகவே முதல் பஸ்ஸைவிடக் கடைசி பஸ்ஸின் நேரம்தான் முக்கியம். அதை பஸ் நிலையத்தில் நேரில் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை நேரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ரயில் பாதை சீனக்குடா, தம்பலகாமம், கந்தளாய் வழியாகத்தான் போகிறது. வரைபடத்தைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். நாளாந்தம் வேலைக்குப் போய்வரும் அளவுக்கு ரயில்கள் இல்லை.

நான்கு பக்கமும் நான்கு மாதிரி

வடக்கே புல்மோட்டை வீதி. அலஸ்தோட்டம், உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, இரக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று கடலோரமாகவே போகும். உப்புவெளியும் நிலாவெளியும் உல்லாசப் பயணிகளின் ஊர்கள். இந்தக் கரையில் சீசன் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை. கடற்கரைப் பக்கத்து வீட்டை மாத வாடகைக்கு விடுவதைவிட, அந்த நாலைந்து மாதம் அறை அறையாக விட்டால் உரிமையாளருக்கு லாபம். அதனால் ஐப்பசியில் மலிவாகக் கிடைத்த வீட்டைச் சித்திரையில் விடச் சொல்லும் ஆபத்து இங்கே மற்ற எந்தப் பக்கத்தையும்விட அதிகம். கடலோரத்தை விட்டு வீதியின் மேற்குப் பக்கம் உள்ளே போய்த் தேடினால் வாடகையும் குறையும், இந்தத் தொல்லையும் குறையும்.

நிலாவெளியில் இன்னொன்றும் உண்டு. அது குச்சவெளிப் பிரதேச செயலாளர் பிரிவுக்குள் வருகிறது. வேலை தெற்கே ரவுனில், கடிதமும் சான்றிதழும் எடுக்கப் போவது வடக்கே குச்சவெளிக்கு. ஒரு கையொப்பத்துக்கு அரை நாள் லீவு போய்விடும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் வேலை செய்பவர்களுக்கும் படிப்பவர்களுக்கும் மட்டும் இந்தப் பக்கம் தூரக் கணக்கே தலைகீழ். வளாகம் நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் இருப்பதால் அவர்களுக்கு ரவுன்தான் தூரம்.

மேற்கே அனுராதபுர வீதி. அனுராதபுரச் சந்தியைச் சுற்றி அன்புவழிபுரம், அதைத் தாண்டினால் கன்னியா. ரவுனில் வேலை, நடுத்தரச் சம்பளம், பாடசாலைப் பிள்ளைகள் என்றிருக்கும் குடும்பத்துக்கு முதலில் பார்க்கச் சொல்லக்கூடிய பக்கம் இதுவும் பாலையூற்றும்தான். பஸ்ஸும் ஓட்டோவும் உண்டு. அவசரத்துக்கு சைக்கிளிலும் ரவுனுக்குப் போகலாம். கன்னியாவைத் தாண்டிக் காட்டோரமாகப் போகப் போகக் காணி மலிவு, ஆனால் யானை வரும். இரவில் மோட்டார் சைக்கிளில் தனியாக வரவேண்டிய வேலை என்றால் அந்த மலிவு வேண்டாம்.

தென்மேற்கே கண்டி வீதி. பாலையூற்று, சீனக்குடா, கப்பல்துறை, தம்பலகாமம், முள்ளிப்பொத்தானை, கந்தளாய். மா ஆலை, சீமெந்து ஆலை, எண்ணெய்க் குதங்கள், விமானப்படைத் தளம் எல்லாம் சீனக்குடாவைச் சுற்றித்தான். அங்கே வேலை என்றால் ரவுனுக்குள் வாடகை கொடுத்து எதிர்த்திசையில் ஓடுவதில் அர்த்தமில்லை. தம்பலகாமம் வயலும் வாய்க்காலுமான ஊர். அரிசியும் மரக்கறியும் மலிவு, விசாலமான வளவு கிடைக்கும், ஆனால் ரவுனுக்கு 20 கிலோமீற்றருக்கு மேல். கந்தளாய் ஏறக்குறைய 40 கிலோமீற்றர். கந்தளாயிலேயே வேலை கிடைத்தவர் அங்கே இருக்கட்டும். ரவுனில் வேலை செய்பவருக்கு அது புறநகர் ஆகாது.

தெற்கே கிண்ணியாவும் மூதூரும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அங்கே போக பாதைப் படகுக்குக் காத்து நிற்க வேண்டியிருந்தது. பாலம் வந்த பிறகு கிண்ணியா ரவுனுக்கு நாளாந்தம் போய்வரக்கூடிய ஊராகிவிட்டது. கடைத்தெரு பெரியது, மீனும் இறைச்சியும் தாராளம். ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பை ஒட்டித் தவணை விடுமுறை வேறு. ஒரு பிள்ளை கிண்ணியாவிலும் மற்றது ரவுன் தமிழ்ப் பாடசாலையிலும் என்றால் இரண்டு பேரின் லீவும் ஒத்துவராது, வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆள் தேட வேண்டிவரும். மூதூர், கொட்டியாரக் குடாவின் அந்தக் கரை. கடலில் குறுக்கே கிட்ட, தரைவழியில் தூரம். அங்கேயே வேலை இல்லாவிட்டால் வேண்டாம்.

தண்ணீர்

குழாய்த் தண்ணீர் வருகிறதா என்று கேட்டால் எல்லோரும் வருகிறது என்றுதான் சொல்வார்கள். கேட்க வேண்டிய கேள்வி: எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்கு நிற்கிறது, மேலே தாங்கிக்கு மோட்டார் இல்லாமல் ஏறுகிறதா? வீட்டைப் பார்க்கப் போகும்போது வளவுக்குள் முதல் குழாயைத் திறந்து ஒரு வாளி நிரம்ப எத்தனை நிமிடம் என்று பாருங்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 500 லீற்றர் தேவை என்று வைத்துக்கொள்ளலாம். 500 லீற்றர்த் தாங்கி இருந்தால் ஒரு நாள் தண்ணீர் நின்றாலே சிக்கல், 1000 லீற்றர் என்றால் சமாளிக்கலாம். மேட்டில் இருக்கும் வீடுகளில் குழாய் அழுத்தம் குறையும் என்பதால் உவர்மலைப் பக்கம் இதைக் கட்டாயம் பாருங்கள்.

கிணற்றை நம்பும் வீடென்றால் சோதனை வேறு. கரையோர மணலில் நல்ல தண்ணீர் என்பது மழை ஊறி, உப்பு நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதப்பது. கையால் அள்ளினால் நல்ல தண்ணீர் வரும். மோட்டார் போட்டு வேகமாக இழுத்தால் கீழே இருக்கும் உவர் மேலே ஏறிவிடும். பக்கத்து விடுதிக்காரர் சீசனில் நாள் முழுக்க இறைத்தாலும் உங்கள் கிணறு சவர்க்கும். ஆகவே போனவுடன் ஒரு வாளி அள்ளி ஒரு போத்தலில் எடுத்து வையுங்கள். மோட்டாரை அரை மணித்தியாலம் ஓடவிட்டு இன்னொரு போத்தல் எடுங்கள். இரண்டையும் வாயில் வைத்துப் பாருங்கள். முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது கரித்தால் புரட்டாதியில் அந்தக் கிணறு குளிக்கக்கூட உதவாது. கொதிக்கவைத்தால் சரியாகும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். கொதித்துத் தண்ணீர் வற்றும்போது உப்பு கூடுமே தவிரக் குறையாது.

வீட்டுக்குள்ளும் சாட்சி உண்டு. குசினிக்குள் கேத்தலின் அடியில் வெள்ளைப் படை, குளியலறைக் குழாயின் கழுத்தில் துரு, சவர்க்காரம் நுரைக்காமல் போவது, வெறும் தேத்தண்ணியின் மேல் மினுங்கும் ஆடை. இவற்றில் இரண்டு இருந்தாலே குடிக்கத் தண்ணீர் விலைக்கு வாங்க வேண்டிவரும். அந்த மாதச் செலவை வாடகையோடு கூட்டுங்கள்.

மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி என்பதையும் அளந்து பாருங்கள். 50 அடி என்பது எல்லோரும் சொல்லும் குறைந்த கணக்கு. மணல் நிலத்தில் அழுக்கு வேகமாக நகரும், அதனால் இன்னும் தள்ளி இருந்தால் நல்லது. உங்கள் வளவுக் குழியை மட்டும் அளந்தால் போதாது. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குழி கிணற்றுக்கு நேரே இருக்கலாம்.

மழை

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை. வாடை தொடங்கிய பிறகு வீடு தேடுகிறவர் அதிர்ஷ்டசாலி, எல்லாம் கண்முன்னே தெரியும். மற்ற மாதங்களில் சுவரைத்தான் கேட்க வேண்டும். புதிதாக வெள்ளையடித்திருந்தால் அறை மூலையில், கதவு நிலையின் அடியில், அலுமாரிக்குப் பின்னால் பாருங்கள். தரையிலிருந்து ஒரே உயரத்தில் ஓடும் கோடு வெள்ளம் நின்ற அடையாளம். கீழ்ச் சுவரில் பூச்சு பொரிந்து வெள்ளைத் தூளாக உதிர்ந்தால் அது நிலத்தடி ஈரமும் உப்பும். மரநிலைகளின் அடி இற்றுப்போயிருந்தால் ஒரு முறை அல்ல, பல முறை தண்ணீர் ஏறியிருக்கிறது.

வீட்டின் தளம் உயரமாக இருக்கலாம். ஒழுங்கை தாழ்வாக இருந்தால் பயனில்லை, பிள்ளை முழங்கால் தண்ணீரில்தான் பாடசாலைக்குப் போகும். கிண்ணியா, தம்பலகாமம், மூதூர் பக்கங்களில் உள்ளூர் மழையோடு ஆறு, வாய்க்கால் பெருகும் தண்ணீரும் சேரும். மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கிறது என்பதை மறக்கக்கூடாது. மலைநாட்டில் மழை என்றால் இரண்டு நாளில் இங்கே அதன் கணக்கு வரும். சந்தியில் உள்ள சின்னக் கடையில் ஒரு பிளேன்ரீ வாங்கிக்கொண்டு, கடந்த வெள்ளத்தில் தோணி எதுவரை வந்தது என்று கேளுங்கள். வீட்டுக்காரர் மறந்த விவரமெல்லாம் கடைக்காரருக்கு நினைவிருக்கும்.

கடலோரம் என்றால் 2004 டிசம்பர் 26 சுனாமியில் தண்ணீர் எந்த வீதிவரை ஏறியது என்பதையும் அதே கடையிலேயே கேட்டுவிடலாம்.

வாடகைக்கு எடுக்கும்போது

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் சட்டத்தில் நிற்கும். 1840ஆம் ஆண்டு மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் அதைத்தான் சொல்கிறது. கடதாசியில் இருவரும் கையொப்பமிட்டு ஒரு வருடத்துக்கு என்று எழுதிவைத்திருப்பது மனத்திருப்திக்கு மட்டும். ஒரு வருடத்து முற்பணம் கேட்கும் வீட்டுக்கு நொத்தாரிசுக் கூலி பார்த்து ஒதுங்காதீர்கள். ஒப்பந்தத்தில் முற்பணத் தொகை, அது மாதாமாதம் கழிக்கப்படுமா முடிவில் திருப்பித் தரப்படுமா, விடச் சொல்ல எத்தனை மாத அறிவித்தல், மோட்டாரும் தாங்கியும் பழுதானால் யார் செலவு, இந்த நான்கும் இருக்க வேண்டும். உப்புவெளி, நிலாவெளியில் சீசன் மாதங்களுக்கும் வாடகை மாறாது என்ற வரியையும் சேருங்கள்.

கரண்ட் மீற்றர் தனியா, உரிமையாளர் வீட்டோடு ஒன்றா? இது சின்ன விஷயம் போலத் தெரியும். வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. மாதத்துக்கு 60 அலகைத் தாண்டினால் விலைப்பட்டியலே வேறு. நீங்கள் 50 அலகு, அவர்கள் 50 அலகு, தனித்தனி மீற்றர் என்றால் இருவரும் குறைந்த பட்டியலில். ஒரே மீற்றர் என்றால் 100 அலகு, இருவரும் கூடிய விலையில். தண்ணீர்க் கட்டணமும் இதே மாதிரிப் படிப்படியாகத்தான் ஏறும். துணை மீற்றர் போட்டுப் பாதி பாதி என்று பேசினாலும் இந்த இழப்பு குறையாது, அதனால் அப்படியான வீட்டுக்கு வாடகையில் குறைத்துக் கேளுங்கள். சாவி வாங்கும் நாளில் கடைசி பில்லையும் மீற்றர் எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். முன்னையவர் கட்டாமல் போன பாக்கிக்கு உங்கள் வயர்தான் வெட்டுப்படும்.

தரகர் கூலி எவ்வளவு, யார் கொடுப்பது என்பதை வீட்டைக் காட்டுவதற்கு முன்பே பேசுங்கள். வீடு பிடித்துப்போன முகத்தோடு பேசினால் தொகை ஏறும்.

காணி வாங்குவதென்றால்

குறைந்தது ஒரு வாடைக்காலத்தையும் ஒரு கச்சான் காலத்தையும் (தென்மேற்குக் காற்று வீசும் வறண்ட மாதங்கள்) அந்த ஊரில் வாடகைக்கு இருந்து பார்த்த பிறகு வாங்குவது புத்திசாலித்தனம். அப்படிப் பொறுக்க முடியாதவர்கள் காகிதத்தையாவது பொறுமையாகப் பாருங்கள்.

மலிவுக்குக் காரணம் பெரும்பாலும் காகிதத்தில் இருக்கும். பேர்ச் விலை பக்கத்துக் காணியின் பாதி என்றால் அது பேர்மிட் காணியாக இருக்க வாய்ப்பு அதிகம். 1935ஆம் ஆண்டு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. ஒரு கடதாசியில் எழுதிக் காசு கொடுத்து இருப்பவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். கடன் எடுக்கப் போகும்போதும், எழுதிக் கொடுத்தவர் இறந்து அவருடைய பின்னுரித்தாளர் (காணிக்கு அடுத்த உரித்தாளி) வந்து நிற்கும்போதும்தான் அவர்களுக்கு விளங்குகிறது. அளிப்புப் பத்திரம் உள்ள காணியிலும் நிபந்தனைகளை வாசித்து, பிரதேச செயலகக் காணிக் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியார் உறுதி என்றால் காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்காவது பதிவுகளைத் தேடச் சொல்லுங்கள். இங்கே போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், தொலைந்த உறுதிகள் எல்லாம் சாதாரணம். பத்து வருடம் ஆண்டுவிட்டேன், காணி எனக்கு என்று விற்க வருபவரிடம் கூடுதல் கவனம் தேவை. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம், போரினால் தம் காணிக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கத்தான் வந்தது. அற்றோணித் தத்துவத்தோடு (உரிமையாளர் தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரம்) விற்கிறார்கள் என்றால் உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா என்பதை வீடியோ அழைப்பிலாவது உறுதிப்படுத்துங்கள். அவர் இறந்துவிட்டால் தத்துவமும் முடிந்தது.

குச்சவெளி, கன்னியாப் பக்கங்களில் வன, தொல்பொருள் திணைக்களங்களின் எல்லைகள் பற்றிய பிரச்சினை ஓயாமல் இருக்கிறது. உறுதி எவ்வளவு பழையதானாலும் காணி அந்த எல்லைகளுக்குள் வருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். கடலோரத்தில் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி, உயர்நீர்க் கோட்டிலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் வீடு கட்டவும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். விற்பவர்கள் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

அளவைப் படத்தை நில அளவையாளரைக் கொண்டு நிலத்தில் பொருத்திப் பாருங்கள். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, 160 பேர்ச் ஓர் ஏக்கர். 10 பேர்ச் என்று வாங்கினால் 2,722 சதுர அடிக்குக் குறையக்கூடாது. பாதைக்கு விட்ட பகுதியையும் சேர்த்துப் பேர்ச் கணக்குச் சொல்லுவது வழக்கமான தந்திரம். பாதையின் அகலம் படத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, உறுதியில் பாதை உரிமை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 10 அடிப் பாதையாவது இல்லாவிட்டால் மணல் லொறி உள்ளே வராது. வீதியில் கொட்டிய ஒவ்வொரு கியூப்பையும் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோக ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். மலசலகூடக் குழி நிரம்பும்போது அதை உறிஞ்சி எடுக்கும் பவுசரும் வராது.

பாடசாலையும் பதிவும்

முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்கள், ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரிக்கோ இந்துக் கல்லூரிக்கோ கிட்ட வீடு எடுத்தால் இடம் கிடைத்துவிடும் என்று கூடிய வாடகை கொடுக்க வேண்டாம். அண்மையில் வசிப்போர் பிரிவில் கடந்த ஐந்து வருட வாக்காளர் இடாப்பைத்தான் பார்க்கிறார்கள். வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையில் வேறு பாடசாலைகள் இருந்தால் அதற்கும் புள்ளி குறையும். நேற்று எடுத்த வாடகை வீடு அதில் உதவாது. அரச சேவைத் தேவைக்காக இடமாற்றம் பெற்றவர்களின் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. உங்கள் இடமாற்றக் கடிதத்தில் அந்தக் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். சொந்த வேண்டுகோளில் மாறியவர்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. மற்ற வகுப்புகளுக்கு வீட்டுக்குக் கிட்ட உள்ள பாடசாலையில் ஒரு பாடவேளை நேரம் வாசலில் நின்றாலே ஆசிரியர்கள் போதுமா என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

குடிவந்த வாரத்திலேயே கிராம சேவகரைச் சந்தித்து, பழைய பிரிவிலிருந்து எடுத்துவந்த கடிதத்தைக் கொடுத்துப் பதிந்துகொள்ளுங்கள். வதிவிடச் சான்றிதழ், வாக்காளர் பதிவு, வெள்ள நிவாரணப் பட்டியல் எல்லாவற்றுக்கும் அவருடைய புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். வீட்டு இலக்கம் இல்லாத புதுக் குடியிருப்புகளில் உள்ளூராட்சி அலுவலகத்தில் வரி இலக்கம் இருக்கிறதா என்று உரிமையாளரிடம் கேட்டு வாங்குங்கள், தபாலும் வங்கிக் கடிதமும் அதற்குத்தான் வரும். ரவுனுக்குள் கோட்டைப் பக்கமோ பஸ் நிலையத்தைச் சுற்றியோ வீடு எடுத்தவர்கள் பூச்செடி நடுவதற்கு முன் வேலியையும் பாருங்கள், அங்கே மான்கள் தெருவில்தான் திரியும்.